பிராண்டுப் பெயரும் பாட்டிலின் உள்ளிருப்பதும்

2025 இலையுதிர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ என்ற சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 விழுக்காடு. ஏறக்குறைய பாதி பாட்டில் நஞ்சு.

செய்தி வந்த நாள் முதல் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது: “மலிவு மருந்தெல்லாம் இப்படித்தான், நல்ல கம்பெனி மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும்.” இயல்பான அச்சம்தான், ஆனால் பிழையான முடிவு. கோல்ட்ரிஃப் என்பதே ஒரு பிராண்டுப் பெயர். உள்ளே இருந்தவை பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் ஆகிய மூன்று பழைய மருந்துகள். யாருடைய காப்புரிமையிலும் இல்லாத இம்மூன்றையும் கலந்து, மேலே ஒரு பெயரை ஒட்டியிருந்தார்கள். பெயர் எந்தக் குழந்தையையும் காக்கவில்லை. ஆகவே மருத்துவர் மருந்தின் பொதுப்பெயரை எழுதுவதே அறம்; பாட்டிலின் உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளையும் சோதிப்பது அரசின் கடன். காசு உள்ளவன் பெயரை வாங்கித் தப்பித்துக்கொள்ளட்டும் என்று விடுவது அறமாகாது.

கொன்றது அம்மூன்று மருந்துகளில் எதுவும் இல்லை என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். கொன்றது, அவற்றைக் கரைத்து வைத்திருந்த திரவம். மருந்துத் தொழிலில் இத்தகைய பொருள்களை எக்ஸிபியன்ட் என்கிறார்கள். நோயின் மேல் எந்த வேலையும் செய்யாத சேர்மானங்கள். தைராய்டு நோயாளி காலையில் விழுங்கும் 50 மைக்ரோகிராம் மாத்திரையில் மருந்து ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்குதான். கையில் தெரியும் மற்றதெல்லாம் மாவுச்சத்து, லாக்டோஸ், மக்னீசியம் ஸ்டியரேட் போன்றவை. சிரப்பில் இந்த இடத்தைப் பிடிப்பவை கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும். டைஎத்திலீன் கிளைக்கால் பார்வைக்கு இவற்றைப் போலவே இருக்கும், குழைவாக, லேசாக இனிக்கும், விலையும் குறைவு. தொழிற்சாலைத் தரத்துச் சரக்கு மருந்துப் பீப்பாய்க்குள் வந்து சேர்வதற்கு இந்த ஒற்றுமையும் விலையும் போதும்.

இது புதிய பாடமும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை இதே கரைப்பானில் கலந்து விற்று நூறு உயிருக்கு மேல் போனது. மறு ஆண்டே அந்நாடு மருந்துச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. இங்கோ 1972இல் சென்னையில் குழந்தைகள், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகள், 1998இல் குர்கானில் குழந்தைகள், 2020இல் ஜம்முவின் ராம்நகரில் மறுபடியும் குழந்தைகள். சட்டம் எல்லா முறையும் இருந்தது. சோதனைதான் இல்லை.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். நான்கில் மூவர் மனிதர். அவர்கள் தவறினால் மற்றவர் திருத்த முடியும். மருந்து மட்டும் வாய் பேசாது. அதன் சார்பில் பேச வேண்டியவன் விற்பவன். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரம் கூறும். பட்டினப்பாலையின் புகார் வணிகர் கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறையும் அறியாதவர்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வணிகரையும் மருத்துவரையும் அரசு கண்காணிக்க வேண்டியவர்களாகவே வைத்துப் பேசுகிறது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உயிரை ஒப்படைக்கலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பொதுப்பெயர் மருந்தின் பக்கம் இருக்கும் நியாயம் மிக எளியது: ஏழை அதை வாங்க முடியும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். மாதக் கடைசியில் விலை கூடிய பிராண்டை நிறுத்திவிடுபவருக்கு அந்தப் பிராண்டின் தரம் எதற்கு உதவும்? தொண்ணூறுகளின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, அதன் பிறகே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கிவருகிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய முறை இது. மலிவும் சோதனையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இத்தனைக்கும், பிராண்டு என்று நாம் வாங்குபவற்றில் பெரும்பாலானவை பெயர் சூட்டிய ஜெனரிக்குகளே. ஒரே ஆலை பல கம்பெனிகளுக்கு ஒரே மாத்திரையைச் செய்துகொடுப்பது தொழிலில் சாதாரணம். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் பொதுப்பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்து, மருத்துவர் சங்கங்கள் எதிர்த்ததும் அதே மாதம் நிறுத்தி வைத்தது. தரத்தை உறுதி செய்துவிட்டு வாருங்கள் என்பது சங்கங்களின் வாதம். தரம் உறுதியாகவில்லை என்றால் பிராண்டை மட்டும் எந்த நம்பிக்கையில் எழுதுகிறார்களாம்?

எதிர்த்தரப்பிலும் ஒரு செய்தி உண்டு. 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வலிப்பு நோயாளிகள் பலருக்குத் தள்ளாட்டமும் மயக்கமும் வந்தன. ஃபெனிட்டாயின் அளவு மாறவில்லை; கேப்ஸ்யூலில் நிரப்பும் கால்சியம் சல்ஃபேட்டை லாக்டோஸாக மாற்றியிருந்தார்கள், அதனால் உடல் மருந்தை அதிகமாக உறிஞ்சியது. வலிப்பு போன்ற சில நோய்களுக்கு ஒரே தயாரிப்பைத் தொடர்வது நல்லது. மருத்துவர் அப்படிச் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதுவும் சேர்மானங்களை வெளிப்படையாக எழுதக் கோரும் வாதமே ஒழிய, பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்கச் சொல்லும் வாதம் ஆகாது.

நாள்தோறும் ஆராயாத ஆட்சியின் நாடு நாளும் தேயும் என்பது குறளின் எச்சரிக்கை. பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் ஏற்ற பாண்டியனின் கதை தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்றவன் தரும் தாளை நம்பிப் பீப்பாயைத் திறக்கும் ஆலையும், அந்த ஆலை எழுதிவைத்த பதிவேட்டை நம்பும் ஆய்வாளரும் அந்தப் பாண்டியனின் வழியில்தான் போகிறார்கள். காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் இந்திய சிரப் குடித்த குழந்தைகள் இறந்த பிறகு, 2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்தை அரசு ஏற்ற ஆய்வகத்தில் சோதித்தே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. உள்நாட்டில் விற்கும் பாட்டிலுக்கு அந்தக் கட்டாயம் வைக்கப்படவில்லை. அந்நியக் குழந்தைக்கு ஒரு நீதி, நம் குழந்தைக்கு ஒரு நீதி!

சிறிய ஆலைகளால் இவ்வளவு கருவிகளை வாங்கி வைக்க முடியாது என்று தொழில் தரப்பு முறையிடுகிறது. முடியாதவர்கள் சிரப் தயாரிக்கும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். அல்லது பீப்பாய் ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து, அரசு ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்து, அந்த அறிக்கையின் எண்ணை லேபிளில் அச்சிடட்டும். சேர்மானங்களை ‘தேவையான அளவு’ என்ற ஒரே வரியில் முடித்துக்கொள்ளாமல், கரைப்பான் எது, இனிப்பு எது, நிறம் எது என்று மருந்தின் பெயருக்குக் கீழேயே எழுதட்டும். அதற்கு லேபிளில் இடம் போதவில்லை என்றால் பிராண்டுப் பெயரின் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.