ஓங்கிய கோடரி

சீடன்: ஐயா, சுவிஸ் ஓவியர் ஃபெர்டினாண்ட் ஹோட்லர் 1910-இல் தீட்டிய ‘மரவெட்டி’யை வெகுநேரம் பார்த்தேன். பனி மூடிய நிலம், மெலிந்த மரங்கள், மேகத்துக்கு நடுவே ஒரு துண்டு நீலம். ஒரே ஒருவன் கால்களை அகட்டி, உடம்பைச் சாய்த்து, கோடரியைத் தலைக்கு மேல் ஓங்கி நிற்கிறான். அந்த ஒல்லி மரத்துக்கு இத்தனை பலம் எதற்கு?

குரு: மரத்தின் பருமனுக்கு ஏற்ற பலத்தைக் காட்டியிருந்தால் அது விறகு வெட்டும் காட்சியாகவே முடிந்திருக்கும். ஹோட்லர் குறியீட்டு ஓவியர். உழைப்பு என்பதையே ஓர் உடம்பாக நிறுத்தப் பார்த்தார். அதனால் காடு மெலிந்தது, மனிதன் பெருத்தான்.

சீடன்: வெட்டு விழும் நொடியை வரைந்திருக்கலாமே?

குரு: கோடரி இறங்கத் தொடங்கிவிட்டால் பாதி வேலையை அதன் எடையே பார்த்துக்கொள்ளும். உச்சியில் இருக்கும்போதுதான் அது முழுக்க அவன் வசம். இறக்கலாம், நிறுத்தலாம். ஏவவும் ஆளில்லை, தடுக்கவும் ஆளில்லை. செயலுக்கு உடையவன் யார் என்பது அங்கேதான் தெரிகிறது.

சீடன்: கூலிக்காரனுக்கு அந்தச் சுதந்திரம் ஏது? வெட்டாவிட்டால் அடுப்பு எரியாதே.

குரு: அது ஹோட்லருக்குத் தெரியாததா? 1853-இல் பெர்னில் ஓர் ஏழைத் தச்சருக்குப் பிறந்தவர். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். வெட்டுவதா வேண்டாமா என்பதைப் பசி முடிவு செய்யும், ஒப்புக்கொள்கிறேன். அந்த வீச்சில் தன்னை எவ்வளவு கொடுப்பது என்பது பசியின் கையில் இல்லை.

சீடன்: இந்த உருவம் பிறந்ததே பணத்தாளுக்காகத்தானே, ஐயா? சுவிஸ் தேசிய வங்கி கேட்டது, வரைந்து கொடுத்தார். 1911-இல் வெளிவந்த 50 ஃபிராங்க் தாளின் பின்பக்கத்தில் இந்த மரவெட்டி. 100 ஃபிராங்க் தாளில் அரிவாள் வீசிப் புல் அறுப்பவன். உழைப்பைக் காசில் அச்சடித்த பிறகு அதில் தத்துவம் எங்கே மிஞ்சும்?

குரு: அச்சில் வந்த வடிவம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதே மரவெட்டியை எண்ணெய் வண்ணத்தில், பெரிய துணிகளில், திரும்பத் திரும்ப வரைந்தார். வங்கிக்கு வேலை முடிந்துவிட்டது, அவருக்கு முடியவில்லை.

சீடன்: அப்படியானால் அந்த 50 எதற்கு விலை?

குரு: விழுந்த மரத்துக்கு.

சீடன்: ஓங்கிய கைக்கு?

குரு: அதற்கும் விலை கட்டிப் பார். மறுநாள் முதல் காசுக்குத் தகுந்த உயரம்தான் ஓங்குவான்.