முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை

முதல் ஞாயிறு

பெட்டியைப் பிரித்ததும் எண்ணெய் வாசம். தையல் மெஷின் எண்ணெயைவிடக் கொஞ்சம் கனமானது. திண்ணையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். விலை கேட்டாள். சொன்னேன். பதில் பேசாமல் அடுத்த காயை எடுத்தாள். கொமரலிங்கத்தில் ஒரு பொருளுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது.

ஏர் ரைபிள். குழலின் துளை 4.5 மில்லிமீட்டர். துப்பாக்கியை நடுவில் மடக்கினால் உள்ளே சுருள்வில் அமுங்கி நிற்கும். ஈயக் குண்டைப் பின்வாயில் வைத்து, குழலை நிமிர்த்தினால் தயார். விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். மருந்து இல்லை, புகை இல்லை.

நான் ஆசைப்பட்டது இது அல்ல. பன்னிரண்டு வயதில் சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கையில் பார்த்த வின்செஸ்டர். விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஒரே அசைவு, இரண்டு வேலை. மெஷினைப் பார்த்துச் சம்பாதிக்கிற எனக்கு இப்போதும் அந்த அசைவுதான் அதிசயம்; சுடுவது அல்ல. 1860-ல் ஹென்றி துப்பாக்கியில் அந்த வளையம் பெயர் வாங்கியது. 1873 மாடல் வின்செஸ்டர் அதைப் பரப்பியது. 1894 மாடலை ஜான் பிரௌனிங் வடிவமைத்தார்.

அவருடைய இன்னொரு மாடல், 1895, நம் காடுகளுக்கே வந்திருக்கிறது. பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் ஓசூர், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிச் சிறுத்தைகளுக்கும் புலிகளுக்கும் காத்திருந்தபோது அவர் மடியில் கிடந்தது .405 வின்செஸ்டர், நெம்புகோல் துப்பாக்கி. இருட்டில் குறி பார்க்க அதன்மேல் டார்ச் பொருத்திக்கொண்டார். ஒரு நல்ல துப்பாக்கியைச் சொந்தக்காரர் தன் தேவைக்குத் திருத்திக்கொண்டதற்கு எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அதுபோல ஒன்று எனக்குக் கிடைக்காது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமென்றால் காரணம் வேண்டும். "காமிக்ஸ் படித்தேன்" என்று கலெக்டர் ஆபீஸில் மனு எழுத முடியுமா? 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டி வாங்கி வந்தேன்.

மடக்கிப் பார்த்தபோது தோன்றியது: இதுவும் நெம்புகோல் துப்பாக்கிதான். வளையம் தனியாக இல்லை, குழலே நெம்புகோல். முனையைப் பிடித்து இழுத்தால் பாரம் குறைகிறது, நடுவில் பிடித்தால் அசைய மறுக்கிறது. ஏற்றம் இறைத்த தாத்தாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இரண்டாம் ஞாயிறு

தோளில் வைத்தால் இடறுகிறது. முகம் தானாகவே முன்னால் போய், கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறது. துப்பாக்கியின் கட்டை எனக்குக் குட்டை.

வாரம் ஆறு நாளும் நான் செய்யும் வேலையே இதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு எம் சைஸ் வரைந்து, கிரேடிங் போட்டு எஸ், எல், எக்ஸெல் என்று விரிப்போம். மார்புக்கு ஒரு சைஸிலிருந்து இன்னொரு சைஸுக்கு இரண்டு இஞ்ச். ஜெர்மனிக்குப் போகும் எம்முக்கும் நம் ஊர் எம்முக்கும் தோள் வேறு, கை வேறு. முப்பது வருடமாக வரைகிறேன், அந்த எம் சைஸ் ஆளை நேரில் சந்தித்ததில்லை. எல்லாருடைய அளவையும் கூட்டி வகுத்துச் செய்த ஆள் அவர். துப்பாக்கிக் கம்பெனியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறது. அவருக்குக் கை கொஞ்சம் சிறியது.

அளக்கும் முறை எளிது. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, முன்கையைக் கட்டையோடு சேர்த்து நீட்டினால் ஆட்காட்டி விரலின் முதல் கணு விசைமேல் விழ வேண்டும். எனக்கு விரல் விசையைத் தாண்டிப் போனது. தையல் டேப்பில் பார்த்தேன். முக்கால் இஞ்ச் பற்றாக்குறை. சட்டையின் கையில் முக்கால் இஞ்ச் குறைந்தால் பையர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவான்.

உடுமலையில் செருப்பு தைக்கும் கடையில் சோலுக்குப் போடும் ரப்பர் ஷீட் ஒரு துண்டு வாங்கினேன். கட்டையின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அதே வடிவத்துக்கு ரப்பரை இரண்டடுக்கு வெட்டி, ஒட்டி, நீள ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். தகட்டைச் செக்கிங் டேபிள் அட்டையில் வைத்து வரைந்தபோது கைக்குச் சந்தோஷம். மூளைக்கு முன்னால் கைக்குத் தெரிந்த வேலை.

அப்பா புது மம்புட்டி வாங்கினால் கடைக் காம்போடு வயலுக்குப் போனதே கிடையாது. காம்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேலமரத்தில் ஒரு கொம்பு வெட்டி, நிழலில் காயப்போட்டு, கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டித் தன் உள்ளங்கைக்குக் கொண்டு வருவார். பூணில் இறக்கியதும் வாய்க்காலில் ஒரு ராத்திரி ஊறப்போடுவார். மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். அந்த மம்புட்டியை இரவல் வாங்கிப்போன ஆட்கள் கை காந்துகிறதென்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர் சொந்தச் சொத்தைப் பூட்டி வைத்த விதம் அது.

மூன்றாம் ஞாயிறு முதல்

கட்டையின் மேலிருந்த வார்னிஷ் கண்ணாடிபோல் பளபளக்கிறது. வேர்த்த கையில் வழுக்குகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடிவு செய்தேன். முதலில் 120, பிறகு 220, கடைசியில் 400. மரத்தின் ரேகையோடு மட்டும்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. துணியிலும் அப்படித்தான், கிரெய்ன் லைன் தவறினால் நாலு சலவையில் பனியன் முறுக்கிக்கொள்ளும்.

என்ன எண்ணெய் போடுவது என்று தெரு முனையில் இருக்கும் ஆசாரியைக் கேட்டேன். இந்த ஊரில் எதற்குக் கேட்டாலும் தேங்காய் எண்ணெய் என்றுதான் பதில் வரும். ஆசாரி சிரித்தார்.

"தேங்காண்ணெ போட்டீங்கன்னா எறும்புதாங்க தம்பி வரும். அது காயாது. லின்சீட் போடுங்க. தொட்டும் தொடாம போடணுமுங்க."

லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய், காய்வதில்லை, உண்மையில் இறுகுகிறது. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. ஒரு பூச்சு, ஒரு நாள் காத்திருப்பு. ஞாயிறு மட்டும் வீட்டிலிருக்கிறவனுக்கு ஒரு பூச்சு, ஒரு வாரம். ஐந்து பூச்சுக்கு ஐந்து ஞாயிறு போயிற்று. அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால் மேலே மட்டும் தோல் கட்டி உள்ளே பிசுபிசுக்கும்.

துடைக்கப் பனியன் வேஸ்ட். ஊர் ஊராக லேத் பட்டறைகளில் கிரீஸ் துடைக்கப் போவது எங்கள் கட்டிங் டேபிளின் ஓரத்துண்டுதானே. இதை எழுதி வைக்கிறேன்: லின்சீட் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆக்சிஜனை இழுக்கும்போது அது சூடாகும். சுருண்ட துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். பஞ்சு ஊரில் பிழைக்கிறவனுக்கு இது பயமான செய்தி. ஒவ்வொரு துண்டையும் விரித்துக் கொடியில் க்ளிப் போட்டுக் காயவைத்தேன். அம்மா அதையும் துவைத்த துணி என்று மடித்து உள்ளே எடுத்துவைக்கப் பார்த்தாள்.

தேதி இல்லை

தெரிந்த மெக்கானிக் ஒருவர் போனில் சொன்னார், ஸ்ப்ரிங்கை மாற்றிவிடலாம், இரண்டு பங்கு வேகம் வரும் என்று. மனசு ஆடியது. பிறகு யோசித்தேன். 20 ஜூலைத் தாண்டியதும் அது வேறு பொருள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். வெளியில் இருந்து பார்த்தால் அதே மரம், அதே இரும்பு. உள்ளே ஒரு கம்பிச் சுருள் மாறியதில் திண்ணையில் கிடந்த பொருள் வழக்குப் பொருளாகிவிடும். நிஜத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் அங்கேதான் கோடு போடுகிறது: உரிமம் வாங்காமல் குழலைக் குறுக்கக் கூடாது. மரத்தை இழைப்பது, ரப்பர் ஒட்டுவது, இவையெல்லாம் என் உடம்புக்காகச் செய்பவை. ஸ்ப்ரிங் என் உடம்புக்கு என்ன செய்யும்? எதிரே இருப்பதற்குத்தான் செய்யும்.

வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கோழை என்று நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

ஐப்பசி

என் தப்பு ஒன்று. எக்ஸ்போர்ட் ரிஜெக்டில் நல்ல ஃப்ளீஸ் துணி கிடைத்தது. சாம்பிள் மெஷினில் உட்கார்ந்து அருமையாக ஒரு உறை தைத்தேன், ஜிப் வைத்து, மூலைக்குத் தட்டுத்தையல் போட்டு. துப்பாக்கியை அதில் போட்டு அலமாரியில் நிறுத்திவிட்டுத் திருப்பூர் போனேன். அந்த வாரம் முழுக்க மழை. அமராவதி வாய்க்கால் கரை ஊரில் மழை என்றால் சுவரே ஈரம் குடிக்கும். அடுத்த ஞாயிறு உறையைத் திறந்தால் குழல்மேல் செம்பொடி. அதிலும் ஓரிடத்தில் அச்சு அசலாக என் கட்டைவிரல் ரேகை. வேர்வை உப்பு இருந்த இடத்தைத் துரு முதலில் தின்றிருக்கிறது. துணி ஈரத்தை இழுத்துப் பிடித்து இரும்போடு அணைத்து வைத்திருக்கிறது. நல்ல துணி செய்ய வேண்டியதை நன்றாகவே செய்திருக்கிறது.

எண்ணெய்த் துணியால் துடைத்தேன். பொடி போயிற்று. ரேகை மட்டும் மங்கலாக இருக்கிறது. உறையில் இப்போது சுருதிப் பெட்டி மாதிரி இருக்கும் அம்மாவின் பழைய டிரான்சிஸ்டர் தூங்குகிறது.

கார்த்திகை, இரண்டு ஞாயிறு

சுடுவதற்கு இடம்: வாசப்படியிலிருந்து பின்பக்கத் தென்னை வரை பத்து மீட்டர். கம்பெனி அட்டைப்பெட்டிக்குள் பனியன் வேஸ்டைக் குத்திக் குத்தி அடைத்து, பின்னால் மண்மூட்டை இரண்டு, அதற்கும் பின்னால் காம்பவுண்டுச் சுவர். பெட்டிமேல் பேட்டர்ன் அட்டை. குழலை மடக்கும்போது முனையிலிருந்து கையை எடுக்கக் கூடாது. நழுவினால் அடித்து நிமிரும், இடையில் விரல் இருந்தால் விரல் இருக்காது. குண்டு வைக்காமலும் சுடக் கூடாது. முன்னால் அடைபட்ட காற்று இல்லாமல் பிஸ்டன் போய் இரும்பில் மோதும்.

முதல் பத்தும் பரந்தன. சின்ன வயதில் உடுமலை மாரியம்மன் தேர்த் திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரனைத் திட்டியதுபோல் துப்பாக்கியைத் திட்டினேன். அந்தக் கடைத் துப்பாக்கியின் குறி கோணல் என்று ஊரே நம்பியது. அவன் பாவம், துப்பாக்கி நேராகவே இருந்திருக்கலாம்.

தப்பு பிடியில்தான் இருந்தது. ஸ்ப்ரிங் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கிறது: பிஸ்டன் புறப்படும்போது பின்னால், நிற்கும்போது முன்னால். குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இறுக்குவோம், ஆட்டமும் ஒவ்வொரு விதமாகும். ஆகவே இடது கையை விரித்து, உள்ளங்கையில் அதைச் சும்மா கிடத்த வேண்டும், குழந்தைத் தலையைத் தாங்குவதுபோல. அது ஆட வேண்டியபடி ஆடிக்கொள்ளட்டும். அட்டையில் ஓட்டைகள் மெல்ல நெருங்கி வந்தன. ஒரு மதியத்தில் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் விழுந்தன. நெடுநேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதைத்தான் குறி பார்க்கிறார். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் அதே போட்டியில். அவர்களுடைய துப்பாக்கிகளில் கன்னம் சாயும் பலகை, தோள் படும் தகடு எல்லாம் திருகித் திருகி அந்த ஒரே உடம்புக்கு ஏற்ப மாற்றுபவை. எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. விதிகளுக்கு உட்பட்டுத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். படத்தில் பார்த்தால் துப்பாக்கி மாதிரியே இருக்காது, ஆஸ்பத்திரிக் கருவிபோல் இருக்கும். அழகு.

சுட்டுக்கொண்டிருக்கும்போது மதில்மேல் மயில் வந்து நின்றது. இந்தப் பக்கத்தில் மயில் காக்கையைவிட அதிகம். விதைத்ததைக் கிளறுகிறது, திட்டாத விவசாயி இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தேன். மயிலைச் சுடக் கூடாதென்று சட்டம் 1972-லேயே சொல்லிவிட்டது, அது இருக்கட்டும். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் லும்டுங் என்ற ஊரில் தொடங்கி, ஜனங்கள் தங்கள் ஏர்கன்களைத் தாங்களாகவே அரசிடம் ஒப்படைத்தார்கள். காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதால். அங்கே இருந்திருந்தால் நானும் கொடுத்திருப்பேனா? இந்த ஐந்து பூச்சு எண்ணெயோடு? மயில் போகும்வரை காத்திருந்தேன். அது சாவகாசமாகத்தான் போயிற்று.

சாயங்காலம்

அம்மா வந்தாள். "குடு, பாக்கலாம்" என்றாள்.

குண்டு இல்லை, மடக்கவும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். தோளில் வைத்தாள். கன்னத்தை மரத்தில் சாய்த்தாள். அந்தச் சாய்வு அவ்வளவு சரியாக இருந்தது, எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. வலது கை விசையைத் தேடி நீண்டது. விரல் நுனி விசையைச் சுற்றிய காப்பு வளையத்தின் விளிம்போடு நின்றுவிட்டது.

"எட்டலீடா சாமி."

"எங்கைக்குப் பண்ணுனதுங்கம்மா."

"அப்பன் மம்புட்டியாட்டவே பண்ணி வெச்சிருக்கற" என்று திருப்பிக் கொடுத்தாள். பெட்டியில் மீந்து கிடந்த ரப்பர் ஷீட் துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். கிரைண்டரின் ஒரு கால் கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. கத்தரிக்கோலைக் கேட்டாள்.