படிக்கட்டு யாருடையது?

வாசற்படிக்கு உள்ளே இருப்பது நம்முடையது. அதற்கு வெளியே இருப்பது ஊருடையது. வீட்டைப் பற்றி இப்படித்தான் நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். கம்பத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை போதுமானதாக இருந்தது. அடுக்குமாடியில் வாழ்வோருக்கு அது போதாது. படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி, வாகன நிறுத்துமிடம் ஆகியவை என்னுடையவையும் அல்ல, ஊருடையவையும் அல்ல. அவை நம்முடையவை. ‘என்னுடையது’ என்பதன் பொருளைப் பேசத் தொடங்கும் குழந்தையும் அறியும். ‘நம்முடையது’ என்பதன் பொருளையோ நரை கண்ட பின்னும் நம்மில் பலர் அறிந்தோமில்லை.

அடுக்குமாடி ஒன்றைக் கட்டி முடித்த மேம்பாட்டாளர் சில காலம் அதன் பொது இடங்களைத் தாமே நிர்வகிக்கிறார். பின்னர் அந்த நிர்வாகம் குடியிருப்பாளர் கைக்கு மாறுகிறது. அவ்வாறு மாறும்போது உண்மையில் கைமாறுவது யாது? இக்கேள்விக்குச் சட்டம் ஒரு விடை கூறுகிறது. அறம் வேறொரு விடை கூறுகிறது. இரண்டையும் ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

நம் நாட்டில் இதற்கென எழுந்த சட்டங்களின் வரலாறு மிக நீண்டதன்று. 1985-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம், தனித்தனி வீட்டிற்குத் தனித்தனிப் பட்டாவும், உரிமையாளர் அனைவரும் சேர்ந்த நிர்வாகக் கழகமும் அமைய வழிசெய்தது. ஆயினும், பல இடங்களில் பட்டா வருவதற்கு ஆண்டுகள் பல கடந்தன. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக 2007-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் கூட்டு நிர்வாக அமைப்பை ஏற்படுத்தியது. மக்கள் வழக்கில் ‘ஜே.எம்.பி.’ என்று வழங்குவது அதுவே. இன்று நம்மை ஆள்வது 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம். தீபகற்ப மலேசியாவில் அது 2015 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. வீடுகள் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் மேம்பாட்டாளர் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டவேண்டும். அக்கூட்டம் முடிந்த ஒரு மாதத்திற்குள் இருப்பிலுள்ள பணம், கணக்கேடுகள், கட்டட வரைபடங்கள், பொதுச் சொத்துகள் அனைத்தையும் குடியிருப்பாளர் அமைப்பிடம் ஒப்படைக்கவேண்டும். பட்டா வந்த பின்னர் நிர்வாகக் கழகம் அதன் இடத்தைப் பெறும்.

மேம்பாட்டாளர் தொடக்கத்தில் நிர்வகிப்பதில் தவறில்லை. ஆளே குடிவராத கட்டடத்திற்கும் விளக்கு எரியவேண்டும், காவலர் நிற்கவேண்டும். பிள்ளைக்கு உரிய வயது வரும்வரை அதன் சொத்தைக் காக்கும் காப்பாளரின் நிலை அது. ஆனால், காப்பாளர் நெடுநாள் நீடிப்பதில் ஒரு தீங்கு உண்டு. கட்டுமானத்தில் தோன்றும் குறைகளை 24 மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால், மேம்பாட்டாளர் தம் செலவில் அவற்றைத் திருத்தித் தரவேண்டும் என்று விற்பனை ஒப்பந்தம் கூறுகிறது. கூரை ஒழுகினால் பொதுச் சொத்தின் சார்பில் முறையிட வேண்டியவர் நிர்வாகி; முறையீட்டிற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேம்பாட்டாளர். இருவரும் ஒருவராகவே இருந்தால் முறையீடு எவ்வாறு எழும்? அவர் தீயவராக இருக்கவேண்டுவதில்லை. தமக்கு எதிராகத் தாமே வழக்காட எந்த மனிதரும் விரும்பமாட்டார் என்பதே போதும். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததன் காரணம் இங்கே விளங்கும். ஒருவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. அவர் நிற்கும் இடமும் நடுவாக இருக்கவேண்டும்.

இவ்வளவும் மேம்பாட்டாளரைப் பற்றியவை. இனி நம்மைப் பற்றிப் பேசவேண்டும். அதுவே கடினமானது.

நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் 240 வீடுகள் உள்ளன. முதல் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. வாக்குரிமை உடையவருள் பாதிப்பேர் வந்தால்தான் கூட்டம் நடக்கலாம் என்பது விதி. அரைமணி நேரம் காத்திருந்தும் பாதிப்பேர் சேரவில்லையென்றால், வந்தவர்களைக் கொண்டே கூட்டத்தை நடத்தலாம் என்பதும் விதி. நாங்கள் அரைமணி நேரம் காத்திருந்தோம். வந்தவர் நாற்பதின்மருக்கும் குறைவு. பராமரிப்புக் கட்டணத்தை உரிய நாளுக்குள் செலுத்தாதவர் வாக்களிக்க இயலாது என்பதால், அவர்களுள்ளும் சிலர் பார்வையாளராக அமர்ந்திருந்தனர். 240 குடும்பங்களின் கூரையும் படிக்கட்டும் அந்தச் சிலருடைய கையுயர்த்தலால் கைமாறின.

அந்த அரைமணி நேரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. வராதவர்களுக்காகச் சட்டம் காத்திருந்தது. வராதவர்களை விட்டுவிட்டுச் சட்டம் நகர்ந்தது. வேறு வழியும் இல்லை. பிறகு மின்தூக்கி நின்றபோதும் கட்டணம் உயர்ந்தபோதும் மிகுந்த சினத்தோடு பேசியவர்களுள் பலர் அன்று வராதவர்களே. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதி உண்டு என்று அப்போது எண்ணினேன். ஏனெனில், அன்று நான் வந்தேன், பேசினேன், பொருளாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

மேம்பாட்டாளரின் கணக்கை மிகக் கடுமையாகக் கேட்டவனும் நானே. துப்புரவுப் பணியை அவர் தம்மைச் சார்ந்த நிறுவனத்திற்கே கொடுத்திருந்தார். “விலை கேட்காமல் உங்கள் நிறுவனத்திற்கே எப்படிக் கொடுக்கலாம்?” என்று எழுந்து நின்று கேட்டேன். “எங்கள் மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?” என்று அவருடைய மேலாளர் திருப்பிக் கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன்.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. ஒருநாள் மாலை, மூன்றாம் மாடியில் தம் மகனோடு வாழும் மூதாட்டி ஒருவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கழித்தவர் அவர். “சார், தண்ணித் தொட்டி குழாய மாத்துனீங்களே, அதுக்கு எவ்வளவு ஆச்சு? சீட்டு இருந்தா காட்டுறீங்களா?” என்று கேட்டார்.

பள்ளியிலிருந்து களைத்து வந்த நேரம் அது. ஊதியமின்றி உழைக்கிறோம், அதற்குமேல் இந்தக் கேள்வியா என்று உள்ளம் சுருங்கியது. “ஏம்மா, எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?” என்றேன்.

சொன்ன மறுகணமே அந்தச் சொற்களை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அவை என்னுடைய சொற்கள் அல்ல. அவற்றைக் கேட்டு நானே ஒருநாள் சிரித்திருந்தேன்.

அம்மையார் சினங்கொள்ளவில்லை. “நம்பிக்கை இல்லாம இல்ல, சார். தோட்டத்துல கிராணி சொன்ன கணக்க வாங்கிக்கிட்டு வந்தோம். ஒன்னும் கேக்கல. வீடும் நம்மளது இல்ல, கணக்கும் நம்மளது இல்ல. இது நம்ம வீடாச்சே” என்றார்.

மறுநாள் கோப்பை எடுத்து அவர் முன்னே விரித்தேன். குழாய் மாற்றிய சீட்டு இருந்தது. விலையும் நியாயமானதே, வேலையும் செம்மையானதே. ஆனால், அந்த வேலையைச் செய்தவர் எங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனர். வேறு எவரிடமும் விலை கேட்கப்படவில்லை. உறுப்பினர்களுக்கு இச்செய்தி அறிவிக்கப்படவும் இல்லை. எவரும் ஒரு காசும் எடுக்கவில்லை. ஆயினும், மேம்பாட்டாளரை நாங்கள் எதற்காகக் குற்றம் சாட்டினோமோ அதையே நாங்களும் செய்திருந்தோம். செய்கிறோம் என்பதையே உணராமல் செய்திருந்தோம். அடுத்த கூட்டத்தில் அதை நானே எழுந்து அறிவித்தேன். அந்த உறுப்பினர் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றே. சாவி கைமாறிய நாளில் ஆட்சி கைமாறவில்லை. ஆள் மாறினார்; ஆளும் முறை மாறவில்லை. கணக்குக் கேட்ட நாங்கள், எங்களிடம் கணக்குக் கேட்கப்படும்போது மனங்கோணாமல் விடைசொல்லப் பழகும்வரை, நாங்களும் இன்னொரு மேம்பாட்டாளரே. கணக்குக் கேட்பது நம்பிக்கையின்மை என்று எண்ணுகிறோம். அது பிழை. தனக்குரியது என்று கருதாத ஒன்றின் கணக்கை எவரும் கேட்பதில்லை. அம்மையாரின் கேள்வி எங்கள் மீதுள்ள ஐயத்திலிருந்து பிறக்கவில்லை, உரிமையிலிருந்து பிறந்தது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவுசெய்த விதத்தைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்தச் சபை ஊரார் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணருக்கே அதில் இடமிருந்தது. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுவது நேர்மையாகாது. ஆயினும், பொதுப்பணியில் உறவு புகும் வாயிலை அவர்கள் கண்டறிந்து அடைத்திருந்தார்கள். பதினொரு நூற்றாண்டுகள் கழிந்தும் எங்கள் செயற்குழு அந்த வாயிலைத் திறந்தே வைத்திருந்தது.

‘மேம்பாட்டாளர் இருந்தபோதே நன்றாக இருந்தது, மின்தூக்கி பழுதானால் உடனே ஆள் வந்தது’ என்று சொல்வோர் எங்கள் குடியிருப்பில் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற நாள்களில், வகுப்பறையின் பின்வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்து நான் பாடம் நடத்துவதைக் கவனிப்பார். அவரே முன்னின்று நடத்தியிருந்தால் பாடம் இன்னும் சிறப்பாக அமைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அதற்காக அவர் என் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டிருந்தால் நான் ஆசிரியனாக ஆகியிருக்கமாட்டேன். தன்னாட்சி எப்போதும் நல்லாட்சியாக இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால், பிறர் நமக்காகச் செய்யும் நன்மை நம்மை வளர்ப்பதில்லை. நாமே செய்த பிழையை நாமே கண்டு திருத்தும்போது வளர்கிறோம்.

இந்நாட்டுத் தமிழர்களாகிய நமக்கு இது வெறும் கட்டட நிர்வாகச் சிக்கல் அன்று. லயத்து வீடு தோட்ட நிறுவனத்தின் சொத்து. கூரை ஒழுகினால் சரிசெய்ய மனமிரங்க வேண்டியவர் துரை. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அந்த உண்மை நம்மவரைத் தெருவில் நிறுத்தியது. அந்நிலையில்தான் 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாட்டாளிகள் சிறுசிறு தவணைகளாகப் பணம் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். தாம் உழைத்த நிலத்திற்குத் தாமே உரியவர் என்னும் நிலையை எட்ட முனைந்தனர். அன்று நமக்கு வேண்டியிருந்தது உரிமை. இன்று நம்மில் பலர் கையில் வீட்டுப் பட்டா இருக்கிறது. ஆனால், துரை முன்னே வாய் திறவாமல் நின்ற பழக்கமும், துரையின் நாற்காலியில் அமர்ந்தவுடன் பிறர் வாய் திறப்பதை விரும்பாத பழக்கமும் இன்னும் நம்மோடு குடியிருக்கின்றன. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு கூறுகள்.

இந்நோய்க்கு மருந்து எங்கே உள்ளது? ஆசிரியர்களாகிய நாம் நெடுந்தொலைவு தேடவேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் மாணவர் கழகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. ஆண்டு இறுதியில் கூட்டக் குறிப்பேடும் கணக்கேடும் அழகிய கையெழுத்தில் என் மேசைக்கு வரும். அந்தக் கையெழுத்து ஆசிரியருடையது. பிள்ளைகள் எழுதினால் பிழை வரும், நேரம் ஆகும் என்பதால் நாமே எழுதிவிடுகிறோம். பல்லாண்டுகளாக அவற்றில் கையொப்பமிட்டவன் நான். படிக்கட்டில் அந்த அம்மையாரைச் சந்தித்த பின்னர்தான், என் பள்ளியில் நானே ஒரு மேம்பாட்டாளராக இருந்து வந்ததை உணர்ந்தேன்.

இப்போது குறிப்பேட்டைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். கழகத்தின் சிறு பணத்தை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி காக்கிறாள். மாதம் ஒருமுறை வகுப்பார் முன்னே நின்று வரவு செலவை வாசிக்கிறாள். அண்மையில் ஒரு மாணவன் எழுந்து, “வண்ணத்தாள் வாங்கிய ரசீது எங்கே?” என்று கேட்டான். அவள் முகம் சிவந்தது. அழுதுவிடுவாளோ என்று அஞ்சி, அவளுக்காகப் பேச ஆசிரியை எழுந்தார். வேண்டாம் என்று நான் கையமர்த்தினேன். சற்று நேரம் தேடி, பையிலிருந்து ரசீதை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு, “சரி” என்று அமர்ந்தான். கூட்டம் தொடர்ந்தது.