நாணயமும் நாமமும்

இறைவனைப் போற்றும் வாசகத்தை நாட்டின் நாணயத்தில் பொறித்தல் பக்தியா, அபசாரமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்ட 1861ஆம் ஆண்டில், காசில் இறைவனை நினைவுகூர வேண்டுமெனப் பாதிரியார் ஒருவர் நிதியமைச்சர் சேஸுக்கு எழுதினார். 1864இல் வெளிவந்த இரண்டு சென்ட் காசில் ‘இறைவனை நம்புகிறோம்’ என்னும் வாசகம் பொறிக்கப்பெற்றது. துயர்மிகு காலத்தில் எழுந்த அவ்வேண்டுகோளின் உண்மையை ஐயுறுதல் தகாது.

ஆயினும் 1907இல் புதிய பொற்காசுகள் வெளிவந்தபோது அவ்வாசகத்தை விலக்கினார் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட். அவர் நாத்திகர் அல்லர். நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் அவ்வாசகம் விளங்குதல் நன்றென்றே கருதினார். காசில் பொறிப்பதுதான் தெய்வநிந்தனைக்கு அண்மையது என்றார். அதற்குக் காரணமும் இருந்தது. வெள்ளி டாலரில் அடங்கிய வெள்ளியின் விலை முகமதிப்பிற்குக் குறைந்திருந்த நாளில், ‘குறைகின்ற சென்ட்டுகளுக்கே இறைவனை நம்புகிறோம்’ என்று அந்நாட்டார் நகையாடினர். திருக்கோயில் உண்டியலில் விழும் காசே சூதாடுவோன் கையிலும், கையூட்டுப் பெறுவோன் மடியிலும் புழங்குகிறதன்றோ? எண்ணும் விரல் தொகையை நினைக்குமேயன்றித் திருநாமத்தை நினைக்குமா? ரூசவெல்ட்டின் அச்சத்தில் பக்தி குறைந்ததாகச் சொல்ல இயலாது.

காங்கிரஸ் சபை இசையவில்லை. முன்பு அவ்வாசகம் தாங்கிய காசுகளில் அதனை மீண்டும் பொறிக்க 1908இல் சட்டம் இயற்றியது. 1957 முதல் அது காகிதப் பணத்திலும் ஏறிற்று.