ஆள் கேட்கும் வண்டி

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போவதற்குள் ஐந்து பாலங்கள் வந்துவிடும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. புதுக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் போகிறவருக்கு இவை ஐந்து சின்ன மேடுகள். 1971-ல் வந்த என் அம்பாசிடரில் போகும்போது ஒவ்வொரு பாலத்திலும் காது என்ஜினிடம் இருக்கும், கண் சூட்டு முள்ளின் மேல் இருக்கும், மூக்குகூடச் சும்மா இருக்காது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, மணல்தான் கிடக்கிறதா என்பதும் அந்த மூக்குக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

ஏன் இந்தப் பாடு என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்டுப் பார்ப்பதுண்டு: நம்மிடம் எதையும் கேட்காத பொருள்களோடு வாழ்வது நல்லதா, ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பொருள்களோடு வாழ்வது நல்லதா? வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது. அதன் பானட்டை நான் திறந்ததேயில்லை. சர்வீஸ் நாள் வந்தால் போனில் செய்தி வரும், ஆள் வந்து எடுத்துப்போய்க் கழுவித் துடைத்துத் திருப்பி விடுவார். நல்ல வண்டி. ஆனால் அந்த வண்டியால் எனக்கு இந்த ஊரில் ஒரு மனிதர்கூடப் புதிதாகப் பழக்கமாகவில்லை.

அம்பாசிடரை மன்னார்குடிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையிலிருந்து வாங்கினேன். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், ஸ்டியரிங்குக்குக் கீழே கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள சீட். 2014 மே மாதம் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

டெல்டாவில் பழைய காரை வைத்துக்கொள்வதென்றால் முதல் வேலை மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டுவதுதான். ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. இங்கே வயல் களிமண் சக்கரத்தோடு ஏறி, அடிப்பலகையின் மடிப்புகளுக்குள் போய் அப்பிக்கொள்ளும். வெளியே காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கதவுக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தால் டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்று கேட்கும். தகடு போய்விட்டது என்று அர்த்தம். டிங்கர் அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் போய்வந்தால் உப்புக் காற்று வேறு. திரும்பி வந்த அன்றே அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவாவிட்டால் அடுத்த ஆண்டு அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் எலி. அறுப்பு முடிந்து வயலில் தீனி குறைந்ததும் எலிகள் வீடுகளைத் தேடி வரும். வாரக்கணக்கில் நிற்கும் காரைப் போல அவற்றுக்கு வசதியான வீடு வேறில்லை. ஒயரைக் கடிக்கும், சீட்டுக்குள் தேங்காய் நாரைக் கிளறிக் குட்டி போடும். எலிப்பொறி, புகையிலைத் தூள், நாஃப்தலின் உருண்டை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. என் மெக்கானிக் பாய் சொன்னதுதான் பலித்தது. "நிறுத்தி வைக்காதீங்க தம்பி. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் எடுத்து ஓட்டுங்க. ஓடுற வண்டியில எலிக்கு என்ன வேலை?"

எலிக்கு மட்டுமல்ல, மற்றதற்கும் அதுவே மருந்து. நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டரின் ரப்பர் இறுகிக்கொள்ளும். கார்பரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகும். கிங்பின்னிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் இருக்கும் நிப்பிள்களுக்கு கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும்போது பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புது மஞ்சள் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை அடிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளி பார்த்து வைத்தால் அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே பிடிக்கும். இவற்றைச் செய்யும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எனக்குப் பிடித்தமானவை. கை அழுக்காகிற வேலையில் மனம் வேறெங்கும் ஓடுவதில்லை.

எல்லாவற்றையும் நானே செய்துவிட முடியாது. இங்கேதான் எனக்கு இந்த வண்டியின் அருமை தெரிந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய என்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உள்ளே இறங்கும். ஹெட்டைக் கழற்றி, கடினமான உலோக வளையம் வைத்துக் கடைந்தால்தான் சரியாகும். அதைக் கடைந்து கொடுத்தவர் கார் வேலைக்காரரே இல்லை. பம்புசெட்டு, டிராக்டர், அரைவை மில் ஷாஃப்ட் என்று காலமெல்லாம் உழவுக்கு வேண்டியதைக் கடைந்துகொண்டிருந்த லேத் பட்டறைக்காரர். உத்தர்பாரா ஆலை மூடிவிட்டது. இந்த வண்டியை இன்று ஓட வைப்பது நெல் விவசாயத்தைச் சுற்றி வளர்ந்த இந்தப் பட்டறைகள்தான். ரேடியேட்டருக்கு ஈயப் பற்று வைப்பவர், லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிச் சூடுகாட்டி வளைவு ஏற்றுபவர், சீட்டுக்கு ரெக்சின் தைப்பவர் என்று எனக்கு ஊரெல்லாம் மனிதர்கள். இங்கே கிடைக்காத உதிரிபாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. லேத் பட்டறைக்காரரின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவருக்குப் பிறகு பட்டறைக்கு வருகிறவர் இல்லை. அவர் லேத்தை நிறுத்துகிற நாளில் என் கார் நிற்பது சின்ன விஷயம். சுற்று வட்டாரத்துப் பழைய மோட்டார்களெல்லாம் சேர்ந்து நின்றுவிடும் என்பதுதான் எனக்குக் கவலை.

பயணங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்களுக்கு ஒரு காலத்தில் அம்பாசிடர் வாடகை வண்டிகள்தான் ஓடின. திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று வளைந்து, வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் போய்த் திருநள்ளாற்றில் முடியும் அந்தச் சுற்றை ஒரு பழைய வாடகை வண்டி ஓட்டுநரிடம்தான் நான் வழி கேட்டுக் கற்றேன். எனக்குப் பிடித்த பாதை வேறு. நீடாமங்கலம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம், அங்கிருந்து கடலை இடப்புறம் வைத்துக்கொண்டு வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டினால் என்ஜினை அணைத்துவிட வேண்டும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் சூடு ஏறும். மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் வழிந்தோடும் இடத்தைக் கடந்ததும், சிறிது தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டி டிரம்மைக் காயவைக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் வேறு ஆபத்து. உளுந்து, பயறுச் செடிகளைச் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறிப் போய்க் காய் உதிரட்டும் என்று விட்டிருப்பார்கள். அந்தக் கொடி ஷாஃப்டில் சுற்றி, சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். இறங்கி, குனிந்து, அரிவாளால் அறுத்தெடுக்க வேண்டும். பரப்பிய வீட்டுக்காரரே அரிவாளோடு வந்து உதவுவார்.

அப்படி ஒரு பயணத்தில் நடந்ததைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது முழுமையாகும். கீவளூரிலிருந்து கச்சனம் போகிற சாலையில், தேவூருக்குப் பக்கத்தில், ரேடியேட்டர் ஹோஸ் விட்டுவிட்டது. பானட்டிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்து, வாய்க்கால் கரையிலிருந்த பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு வந்தார். "சூட்டோட மூடியத் தொறந்துடாதீங்க தம்பி, ஆறட்டும்" என்றார். ஆறும்வரை வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த மாதிரி வண்டி வந்தா நாங்க சைக்கிள விட்டு எறங்கி ஓரமா நிக்கணும். உள்ள யாரு இருக்கான்னு நிமிந்து பாக்கக் கூடாது."

அவர் அதைச் சொன்ன இடத்திலிருந்து கீழவெண்மணி கூப்பிடு தூரம். அங்கே 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுவிக்கச் சொன்ன காரணங்களில் ஒன்றைப் படித்த நாள் முதல் என்னால் மறக்க முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிலபுலன் நிறைந்த மிராசுதாரர்கள். அவர்களில் முதலாமவரிடம் கார் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களின் துணைகூட இல்லாமல் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்றது அந்தத் தீர்ப்பு. கார் வைத்திருப்பது ஒருவரின் நிரபராதித்தனத்துக்கு அடையாளமாக எழுதப்பட்ட மாவட்டம் இது. என் வண்டி அந்தக் கொலைகளுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து இதே மண்ணுக்கு வந்தது. பண்ணை வீட்டுக் கொட்டகையில் நின்றது.

பழைய கார்களைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலத்து அழகு, கம்பீரம் என்று உருகுகிறோம். அந்தக் கம்பீரத்துக்கு முன்னால் ஓரமாக நின்றவர்களும் அதே காலத்தில்தான் இருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வண்டியை நான் நேசிக்கிறேன். நேசிக்க ஒரு நியாயமும் கண்டிருக்கிறேன். அன்று யாரையும் அண்டவிடாத வண்டி, இன்று வழியில் நின்று யாரிடமாவது தண்ணீர் கேட்கிறது. மனிதர்களைப் பிரித்து வைக்க உதவிய அதே இரும்பு, வயதாகிப் பலவீனப்பட்டதால், மனிதர்களை நாடிப் போக வேண்டியதாயிற்று. எதையும் கேட்காத பொருள் வசதி தருகிறது, அத்தோடு ஒரு விலகலையும் தருகிறது. அந்த விலகல்தான் ஒரு காலத்தில் அதிகாரமாக இருந்தது.

ஹோஸைச் சீவி மறுபடி மாட்டிக் கிளம்பும்போது பெரியவரை ஏறச் சொன்னேன். முன் சீட்டில், ஜன்னலோரமாக உட்கார்ந்து தேவூர்வரை வந்தார். வழியெல்லாம் நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றித்தான் பேச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலென்று மூட்டையை ஒதுக்கிவிடுகிறார்களாம், களத்தில் மழை விட்டால்தானே காயவைக்க முடியும் என்றார்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமலில்லை. இந்த வண்டியில் காற்றுப்பை கிடையாது, மோதினால் தாங்கும்படி வடிவமைத்த உடல் கிடையாது. திருச்சி நான்குவழிச் சாலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான் இதை ஓட்டுவதில்லை. பெட்ரோலும் புகையும் கூடுதல். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் அதற்குத் தாங்காது. எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த எத்தனாலுக்குக் கரும்போடும் மக்காச்சோளத்தோடும் உணவுக் கழகக் கிடங்கின் அரிசியும் போகிறது. நெல் மூட்டைகள் மழையில் நனைவதைப் பார்த்துக்கொண்டே அரிசியை டேங்கில் ஊற்றுவது இந்த ஊர்க்காரனுக்கு எளிதாக இல்லை. அதனால் தேவையில்லாமல் ஓட்டுவதில்லை, காரணத்தோடு ஓட்டுகிறேன்.

50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் பத்தாண்டுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு விண்டேஜ் எண் கிடைக்கும். என் வண்டி அதற்குத் தகுதிப்பட்டதுதான், நண்பர்களும் வாங்கிவிடு என்கிறார்கள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடத் தேவைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். அருமையான வண்டிகளைக் காப்பாற்ற அது நல்ல விதி. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயர் சொல்லும் ஜிடி கார் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்து மனம் நிறைந்து வந்தவன்தான் நான். ஆயினும் என் வண்டியை அந்த வரிசையில் நிறுத்த மனம் வரவில்லை. கண்காட்சி மேடையில் கயிற்றுக்கு அப்பால் நின்றால் அது மறுபடி யாரையும் அண்டவிடாத வண்டியாகிவிடும்.

ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பிக்கப் போகிறேன். பழைய கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். கட்டித்தான் ஆக வேண்டும். எஃப்.சி.க்குக் காட்டுமுன் பின்சக்கர பிரேக் லைனிங்கும் கைப்பிரேக் கேபிளும் மாற்ற வேண்டும். லைனிங் புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறது. கேபிளைக் கும்பகோணத்தில் ஒருவர் அளவெடுத்துச் செய்து தருகிறேன் என்கிறார். வியாழக்கிழமை அவர் கடை திறந்திருக்குமாம், வண்டியோடு வரச் சொன்னார்.