விட்டுச் சென்றதை முடித்துவைத்தல்

திருவாடிப்பூரத் திருத்தேரின் வடம் பிடிக்க வரும் அடியார்களில், சென்ற ஆண்டு தம்மோடு நின்று வடம் பிடித்தவர் இவ்வாண்டு இல்லையே என்ற ஏக்கத்தைச் சுமந்து வருவோரும் உண்டு. பெருமானை நம்பியவர் பிரிவுக்கு வருந்தலாமா என்று அவர்கள் மனம் குழம்புவதும் உண்டு. அதற்கு விடை ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இத்திவ்யதேசத்திலேயே இருக்கிறது.

துளசி நந்தவனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த கோதை, ஓரிடத்தில் ஓய்ந்திருந்த பெண் அல்லள். மாலையைச் சூடி அழகு பார்த்தாள். வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகப் பாவித்துத் தோழியரை விடியலில் எழுப்பினாள். எதையும் கேட்டறியும் ஆவல் அவளுக்கு. கண்ணனின் திருவாய் மணம் எத்தகையது என்று வெண்சங்கை வினவினாள்; மேகத்தைத் தூது விட்டாள்; குயிலிடம் வேண்டினாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலும் அந்தத் துடிப்பைக் காணலாம்.

அத்தகைய மகள் திருவரங்கனோடு கலந்தபின், அவள் வளர்ந்த இல்லம் எவ்வாறு இருந்திருக்கும்? மகளை மாயவன் கொண்டு சென்றபின் வெறிச்சோடிய வீட்டைப் பார்த்து ஒரு தாய் கலங்குவதாகப் பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகம் உண்டு. அதைச் சேவிக்குந்தோறும் ஆழ்வாருடைய திருவுள்ளமே அடியார்க்குத் தோன்றும். அரங்கனுக்கே மகளைத் தந்தவர் நாவிலும் அக்கலக்கம் வந்ததெனில், பிரிவாற்றாமை பக்திக்கு இழுக்கன்று. ஆயினும் அவர் கலக்கத்திலேயே அமர்ந்துவிடவில்லை. வில்லிபுத்தூருக்கு மீண்டு, வடபத்ரசாயிக்குத் தாம் செய்துவந்த கைங்கர்யத்தைத் தொடர்ந்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

கோதை ஒரு நேர்த்தியையும் விட்டுச் சென்றாள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் வாயால் நேர்ந்திருந்தாள். பின்னர் வந்த உடையவர் அதை நிறைவேற்றிவிட்டு வில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாள் அவரை அண்ணன் என்றே அழைத்தாள். கோயில் அண்ணன் என்னும் திருநாமம் அவருக்கு வாய்த்தது. காலத்தால் எவ்வளவோ பிற்பட்டவர் தமையனானது எதனால்? அவள் சொல்லி வைத்ததை அவர் செய்து முடித்ததனால்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. பக்கத்து ஊராகிய இராஜபாளையத்தில் 1898-ல் பிறந்த குமாரசாமி ராஜா, இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கினார். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தார். ஓயாது உழைத்த அவர், தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்தார். 1957-ல் அவர் மறைந்தார். ஆனால் துயரத்தோடு பூட்டப்பட்டிருக்கக்கூடிய வீடு, கலைக்குரிய மன்றமாய் அவர் பெயரைச் சொல்கிறது.

பிரிந்தவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைப் பாதியில் விட்டே செல்கின்றனர். பாதி மனனமான பாசுரமாக அது இருக்கலாம். நீர் வார்க்க ஆளில்லாத துளசிமாடமாக இருக்கலாம். தேர் காட்ட அழைத்துச் செல்வதாகப் பேரக்குழந்தைக்குச் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம். கண்ணீர் வந்தால் வரட்டும், ஆழ்வாருக்கும் வந்ததே! ஆனால் அந்தப் பாதியை எடுத்து முடிப்பவரே பிரிந்தவரோடு உறவை விடாதவர். வடத்தில் அவர் பிடித்த இடத்தை இவ்வாண்டு அவர் வீட்டுக் கையொன்று பிடிக்கட்டும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.