இதுவே, இதுவும்

ஒரு நிகழ்ச்சியைப் பற்றி ஒருவர் கூறுவது முழு உண்மை ஆகுமா? பலர் கூறுவனவற்றையெல்லாம் கூட்டிவிட்டால் அஃது உண்மை ஆகிவிடுமா? அநேகாந்தம் என்னும் ஒப்பற்ற நெறியை முன்னோரிடமிருந்து பெற்ற நமக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். கதையை அறிதல் எளிது. அதன்வழி நிற்றல் அரிது. இதனை நான் எழுபது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன். உணர்த்தியவை பெருநூல்கள் அல்ல. ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்த மூன்று பழைய ஏடுகளே.

வந்தவாசிப் பகுதியிலுள்ள எங்கள் பூர்விக வீட்டின் ஓடுகளை மாற்றுவதற்காகப் பரண்மேல் இருந்த பொருள்களைக் கீழே இறக்கினோம். பெட்டி ஒன்றில் என் மாமனாரின் கணக்குப் புத்தகங்களும், மாமியார் சமையற்கட்டில் வைத்து எழுதிய குறிப்பேடும், என் கொழுந்தனார் ஆறாம் வகுப்பில் படித்தபோது எழுதிய கட்டுரை ஏடும் இருந்தன. பழைய காகிதம் வாங்குபவரிடம் போட்டுவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். புரட்டிப் பார்த்தபோது, 1960களில் ஓர் ஐப்பசி மாதத்து இரவைப் பற்றி மூன்று ஏடுகளிலும் குறிப்பு இருக்கக் கண்டேன்.

அவ்விரவைப் பற்றி நான் முன்னரே கேள்வியுற்றிருந்தேன். நான் மணமகளாக அவ்வீட்டில் அடியெடுத்து வைத்த மாதத்திலேயே என் கணவரின் பாட்டியார் என்னைத் தனியே அழைத்து, "உன் மாமியார் அந்தி மறைந்தபின் அடுப்பு மூட்டியவள், நீயாவது நெறி தவறாதே" என்று கூறினார். இரவுண்ணாமையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பத்தில் அது சிறு சொல் அன்று. ஏன் மூட்டினார் என்று நான் கேட்கவில்லை. மாமியாரோடு இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவரிடம் கேட்கவில்லை. அவர் நோன்பிருந்த நாள்களிலெல்லாம் என் மனத்தின் ஒரு மூலையில் அந்தப் பழைய சொல் உறைந்திருந்தது.

மாமனாரின் கணக்கில் அவ்விரவு ஒரே வரியாக இருக்கிறது: "அரிசி ஐந்து படி, விறகு ஒரு கட்டு, வெள்ளச் செலவு." அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. நடந்தது அவருக்குச் செலவாகத் தோன்றியது; செலவைச் செலவாக எழுதினார். அதில் பொய் இல்லை.

மாமியாரின் ஏட்டிலோ பென்சில் எழுத்தில் இவ்வாறு இருந்தது: "ஏரி உடைந்து கீழ்த்தெருவினர் பதினொருவர் நனைந்து வந்தனர். கைக்குழந்தைகள் மூன்று. இருட்டிய பின் அடுப்பு மூட்டினேன். நெருப்பில் விழுந்த உயிர்கள் எத்தனையோ. மூட்டாதிருந்தாலும் பிழை, மூட்டியதும் பிழை. இரண்டு நாள் உபவாசம்." தம் பிழையைத் தாமே நோக்கி, தமக்குத் தாமே கழுவாய் விதித்துக்கொண்ட அந்த வரிகள், எவரும் கேளாத ஒரு பிரதிக்கிரமணமாக எனக்குத் தோன்றின.

மூன்றாவது, ஆறாம் வகுப்பு மாணவனின் கட்டுரை. தலைப்பு 'நான் கண்ட வெள்ளம்'. மேகம் கருத்தது, இடி இடித்தது, ஏரி நிரம்பியது என்று வழக்கமான முறையில் தொடங்கி, நடுவே நான்கு வரிகள்: "எங்கள் வீட்டில் இரவில் அடுப்பு எரிந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பூச்சி விழாமல் இருக்க அம்மா விளக்கைச் சுற்றி மெல்லிய துணி கட்டினார். ஒவ்வொரு விறகையும் தட்டிப் பார்த்து வைத்தார். பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்." இந்நான்கு வரிகளின்மேலும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், 'தலைப்புக்குப் பொருந்தாது' என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

துணி கட்டியதையும் விறகைத் தட்டிப் பார்த்ததையும் கணவர் எழுதவில்லை, மாமியார் சொல்லவில்லை, செய்தவரே தம் ஏட்டில் குறிக்கவில்லை. தம் குற்றத்தை எழுதியவர் தம் கருணையை எழுதாது விட்டார். அதனைக் காத்து வைத்திருந்தவை, பொருந்தாதென அடிக்கப்பட்ட நான்கு வரிகளே.

அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டதும் என் கை நடுங்கியது. அக்கோட்டை இழுத்தவள் நான் அல்லள். ஆயினும் அதனை ஒத்த கோடுகள் எத்தனை ஆயிரம் இழுத்திருப்பேன்! ஆசிரியப் பயிற்சியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனக் கட்டுரையைப் பகுக்கக் கற்றேன், அவ்வாறே கற்பித்தேன். முறை வேண்டுவதே. ஆனால் முறையைக் காப்பதாகக் கருதி, நாற்பது பிள்ளைகள் எழுதிய நாற்பது ஊர்களையும் ஒரே மாதிரி ஊராக ஆக்கிவிட்டேனோ என்ற ஐயம் இன்று என்னை வருத்துகிறது. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதியவளுக்கு உயர்ந்த மதிப்பெண் தந்தேன். தன் கண்ணால் கண்டதைத் தடுமாறி எழுதியவளைத் திருத்தினேன்.

தனியொருவர் தம் இடத்திலிருந்து கண்டதைத் தம் சொல்லில் எழுதிவைப்பதன் பெருமையை நம் மரபு அறியாதது அன்று. நாலடியார் தோன்றிய கதையை நினைவுகூர்வோம். பஞ்சத்தால் பாண்டிநாடு வந்து தங்கிய சமண முனிவர் எண்ணாயிரவர், மழை பெய்து நாடு செழித்தபின் தம் நாடு திரும்ப விழைந்தனர். பிரிய மனமில்லாத மன்னன் விடைகொடாமையால் இரவோடு இரவாகப் புறப்பட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வெண்பாவைத் தம் இருக்கையின்கீழ் வைத்துச் சென்றனர். சினந்த மன்னன் ஏடுகளை வைகையில் எறிவிக்க, 400 ஏடுகள் நீரை எதிர்த்து வந்தன என்பது செவிவழி வரலாறு. இன்று அந்நூலில் செல்வம் நிலையாமையும் உண்டு, நட்பாராய்தலும் உண்டு, இறுதியில் காமநுதலியலும் உண்டு. ஒரு குரலுக்குள் அடங்காத பல குரல்கள் அதில் ஒலிக்கின்றன. பாடியவர் பெயர் ஒன்றும் இல்லை. எதிரேறி வந்த 400 ஏடுகளைப் போற்றும் நாம், ஆற்றோடு போன 7600 ஏடுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றை அடித்துச் சென்றது வைகை மட்டுமா, 'இவை எதற்கு' என்று கேட்ட மனமுமா?

பிற்காலத்துச் சான்று ஒன்றும் கூறலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்ததும், சரக்கின் விலையும், ஆளுநர் பேசியதும், ஊரார் முணுமுணுத்ததும் அன்றாடப் பேச்சுத் தமிழிலேயே அதில் பதிவாகியுள்ளன. 1846இல் அவ்வேடுகள் கண்டறியப்பட்டு உலகறிய வந்தன. ஆட்சியாளரின் கடிதங்கள் மட்டுமே எஞ்சியிருப்பின், அந்நகரத்தை ஆண்டவரின் கண்ணால் மட்டுமே கண்டிருப்போம்.

இனி, இலக்கணம் கற்பித்தவள் என்ற முறையில் ஒன்று கூற விழைகிறேன். சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூலில் ஏகாரத்துக்கும் உம்மைக்கும் உரிய பொருள்கள் வகுக்கப்பட்டுள்ளன. 'இதுவே உண்மை' என்னும்போது ஏகாரம் பிறவற்றைப் பிரித்து விலக்குகிறது. 'இதுவும் உண்மை' என்னும்போது உம்மை, சொல்லாத மற்றொன்றைத் தழுவி நிற்கிறது. அதனாலேயே அதற்கு எச்சவும்மை என்று பெயர். எஞ்சி நிற்பதற்கு இடம் விட்டுப் பேசுவது அது. 'சியாத்', அதாவது 'ஒருவகையால்', என்று நம் பெரியோர் ஒவ்வொரு கூற்றின்முன்னும் அமைத்த அடக்கத்தைத் தமிழில் ஓர் 'உம்' சுமந்து நிற்கிறது. ஒரு நோக்கில் நின்று உரைப்பது நயம். அந்நோக்கே முழுமை என்று கூறிப் பிறவற்றை மறுப்பது துர்நயம். பாட்டியார் கூறியது பொய் அன்று. அடுப்பு மூட்டியது உண்மையே. அதனை ஏகாரத்தோடு கேட்டு, ஏகாரத்தோடே காத்துவந்தது என் குற்றம்.

ஆயின் எவர் எதை எழுதினும் மெய் என்று ஏற்பதுதான் அநேகாந்தமோ என்று சிலர் வினவலாம். அன்று. பொய்யும் புறங்கூறலும் ஒரு நோக்கு ஆகா. அவை வாய்மை நோன்புக்கு மாறானவை. யானையின் காலைத் தொட்டவன் தூண் போன்றது என்றான். அவன் தொட்டது மெய். தொடாமலே பேசுபவனுக்கு அக்கதையில் இடமில்லை. ஆகவே ஓர் எழுத்தைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இவர் இதனைத் தொட்டறிந்தாரா?' என்பதே. 'இது நம் கருத்துக்குப் பொருந்துமா?' என்பது அதன்பின் வரட்டும்.

மாமியார் செய்தது சரியா, தவறா? மூன்று ஏடுகளையும் பலமுறை படித்தும் என்னால் தீர்ப்புக் கூற இயலவில்லை. அவரே 'மூட்டாதிருந்தாலும் பிழை, மூட்டியதும் பிழை' என்று எழுதிவிட்டார். அதனினும் நேர்மையான தீர்ப்பை நான் அறியேன். ஆனால் அவரைப் பற்றி இத்தனை ஆண்டுகள் நான் கொண்டிருந்த தீர்ப்புத் தவறானது என்பதை மட்டும் அறிந்தேன். பிறர் உடலை வருத்துதல் மட்டுமே இம்சை அன்று. ஒருவரை ஒரே வரியில் அடைத்து வைப்பதும் இம்சையே. அவரிடம் பொறுத்தருள வேண்டக் காலம் கடந்துவிட்டது. அதனால் இங்கு எழுதுகிறேன்.

நம் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய ஏடுகள் இருக்கும். நோன்புக் குறிப்பு, வரவு செலவு, யாத்திரை சென்ற நாள், கடிதக் கட்டு என எதுவாயினும் பழைய காகிதத்தோடு போடுமுன் ஒருமுறை படியுங்கள். இன்று எழுதுவதற்கு ஓலையும் எழுத்தாணியும் வேண்டா. அச்சகத்தின் வாயிலில் காத்திருக்கவும் வேண்டா. இளையோர் எவரும் தாம் கண்டதைத் தம் மொழியில் எழுதலாம். அவர்கள் எழுதுவது நமக்கு அயலாகத் தோன்றினும், கையிலுள்ள சிவப்பு மையைச் சற்றே கீழே வைத்துவிட்டுப் படிப்போமாக.

கொழுந்தனாருக்கு இப்போது எழுபது வயதை நெருங்குகிறது. அவரிடம் அக்கட்டுரை ஏட்டைக் கொடுத்தேன். கோடு இழுத்த பக்கத்தை நெடுநேரம் நோக்கியிருந்தார். பின்னர், "அண்ணி, அந்தத் துணி என் பழைய வேட்டி. அதை எழுத மறந்துவிட்டேன்" என்றார்.

இன்னும் எஞ்சியது எவ்வளவோ!

அறம் வளர்க.